கத்திரி வெயிலும் நானோநொடியும்: ஜிபிஎஸ் நேரக் கருவியை வெப்பம் என்ன செய்கிறது?

சுவரில் மாட்டியிருக்கும் குவார்ட்ஸ் கடிகாரம் கத்திரி வெயிலில் மெதுவாக ஓடும். கடுங்குளிரிலும் மெதுவாகத்தான் ஓடும். இரண்டு பக்கமும் மெதுவாவது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும், ஆனால் உண்மை அதுதான். அதற்குள் இருக்கும் சின்ன குவார்ட்ஸ் கவை நொடிக்கு 32,768 முறை அதிரும்படி செய்யப்பட்டது, அந்த எண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கினால் நொடிக்கு ஒன்று என்று வந்து நிற்கும். இந்த அதிர்வு சுமார் 25 டிகிரியில் உச்சத்தில் இருக்கிறது, அங்கிருந்து எந்தப் பக்கம் நகர்ந்தாலும் இறங்குகிறது. இறக்கம் நேர்கோட்டில் இல்லை, விலகலின் வர்க்கத்தில் போகிறது: ஒரு டிகிரி விலகினால் பத்து லட்சத்தில் 0.034 பங்கு, பத்து டிகிரி விலகினால் அதன் நூறு மடங்கு, அதாவது 3.4 பங்கு.

கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ மே மாதம் மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறை இரவும் பகலுமாகச் சராசரி 35 டிகிரியில் இருக்கிறது என்று வையுங்கள். கடிகாரம் நாளொன்றுக்கு 0.3 நொடி பின்தங்கும், மாதத்துக்கு ஒன்பது நொடி. பால் வாங்கப் போகிறவருக்கு இது ஒன்றுமே இல்லை. ஆனால் அதே குவார்ட்ஸ் கல்லின் உறவுக்காரர்கள்தான் மொபைல் டவரிலும், மின் துணைநிலையத்திலும், நாகப்பட்டினம் படகில் இருக்கும் ஜிபிஎஸ் பெட்டியிலும், அமெச்சூர் வானொலிக்காரர் மேசையிலும் உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கே கணக்கு நொடியில் இல்லை, நானோநொடியில், அதாவது நூறு கோடியில் ஒரு நொடியில் நடக்கிறது. ஒளியே அந்த நேரத்தில் சுமார் 30 சென்டிமீட்டர்தான் போகும்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது ஒன்றுதான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துல்லிய ஆசிலேட்டருக்கு, அதாவது சீராக அதிர்ந்து நேரத்துக்கு அளவு கொடுக்கும் குவார்ட்ஸ் சுற்றுக்கு, வெப்பம் அதிகம் என்பதை விட, வெப்பம் மாறிக்கொண்டே இருப்பதுதான் பெரிய தொல்லை. 38 டிகிரியில் அசையாமல் இருக்கும் அறை, 24 டிகிரிக்கும் 27 டிகிரிக்கும் நடுவே ஏசி ஊசலாடும் அறையை விட நல்லது. புதிதாக இதில் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் கருவியைக் குளிர வைக்கப் பார்க்கிறார்கள், ஃபேனைத் திருப்பி வைக்கிறார்கள், ஏசி காற்று படும் இடத்தில் கொண்டு போய் வைக்கிறார்கள், அப்புறம் வரைபடம் ஏன் இப்படிக் குதிக்கிறது என்று கேட்கிறார்கள்.

சரி, அடிப்படையிலிருந்து வருவோம். குவார்ட்ஸ் படிகத்தை அழுத்தினால் மின்னூட்டம் வரும், மின்னழுத்தம் கொடுத்தால் அது நெளியும். இதன் முதல் பாதியை 1880இல் பியர் கியூரியும் அவர் அண்ணன் ஜாக் கியூரியும் கண்டுபிடித்தார்கள். சரியான அளவில் வெட்டிய குவார்ட்ஸ் தகட்டை ஒரு மின்சுற்றில் போட்டால் அது தன் இயல்பான வேகத்தில் அதிர்ந்துகொண்டே இருக்கும். 1927இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வாரன் மாரிசனும் ஜே.டபிள்யூ. ஹார்ட்டனும் இதை வைத்து முதல் குவார்ட்ஸ் கடிகாரத்தைச் செய்தார்கள். வெப்பம் ஏறினால் தகடு கொஞ்சம் விரிகிறது, அடர்த்தி மாறுகிறது, எல்லாவற்றையும் விட முக்கியமாகக் கல்லின் விறைப்பு மாறுகிறது. விறைப்பு மாறினால் அதிர்வின் வேகம் மாறும். இதில் நமக்குச் சாதகமான விஷயம், குவார்ட்ஸ் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. ஒரு கோணத்தில் வெட்டினால் வெப்பத்தில் வேகம் கூடும், இன்னொரு கோணத்தில் குறையும், இடையில் சில கோணங்களில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றையொன்று சமன் செய்துவிடும். 1930களில் வந்த ஏடி வெட்டு அப்படிப்பட்டது, சுமார் 35 டிகிரி 15 நிமிடக் கோணம் (நிமிடம் என்பது இங்கே டிகிரியின் அறுபதில் ஒரு பங்கு). வெட்டும் கோணம் சில நிமிடங்கள் பிசகினாலே வெப்ப வளைவு வேறு மாதிரி ஆகிவிடும் என்பதால் இந்தத் தொழிலில் அறுக்கும் நேர்த்திக்கு அவ்வளவு மதிப்பு. 1970களில் எஸ்சி வெட்டு வந்தது. அது இரண்டு அச்சில் சாய்த்து அறுப்பது, செலவு கூடுதல், ஆனால் திடீரென்று வெப்பம் மாறும்போது ஏடி அளவுக்குத் துள்ளாது. நல்ல சூளை ஆசிலேட்டர்களில் (கல்லைச் சூடான கூட்டுக்குள் வைக்கும் வகை, கீழே வருகிறது) இருப்பது பெரும்பாலும் இதுதான்.

என்ன வெட்டு வெட்டினாலும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். சாதாரண ஏடி க்ரிஸ்டல் ஆசிலேட்டர் தன் முழு வெப்ப வரம்பில் பத்து லட்சத்தில் 20 முதல் 50 பங்கு வரை அலையும். பத்து லட்சத்தில் ஒரு பங்கைத்தான் பிபிஎம் என்கிறோம், நாளுக்கு 0.086 நொடி என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மிச்சத்தைக் குறைக்க இரண்டு வழி உண்டு. முதல் வழி, வெப்பம் மாறட்டும், அதை அளந்து ஈடு கட்டுவோம் என்பது. க்ரிஸ்டலுக்குப் பக்கத்தில் ஒரு வெப்ப உணரி இருக்கும், அது சொல்வதற்கு ஏற்ப ஒரு சின்ன மின்னழுத்தம் க்ரிஸ்டலை எதிர்ப்பக்கம் இழுக்கும். இதுதான் டிசிஎக்ஸ்ஓ, வெப்ப ஈடு செய்த ஆசிலேட்டர். அரை பிபிஎம்மில் இருந்து இரண்டு பிபிஎம் வரை கட்டுக்குள் வைக்கும், மின்சாரம் மிகக் குறைவாகச் சாப்பிடும், உங்கள் கைபேசிக்குள்ளும் ஜிபிஎஸ் சில்லுகளுக்குப் பக்கத்திலும் இருப்பது இந்த வகை. இதன் பலவீனம் வேகமான மாற்றம். உணரி ஒரு வெப்பநிலையில், கல் இன்னொரு வெப்பநிலையில் இருக்கும் அந்தச் சில நொடிகளில் ஈடு கட்டுவது தப்பாகப் போகும். போதாததற்கு, ஏறும்போது ஒரு வளைவிலும் இறங்கும்போது சற்றே வேறு வளைவிலும் நடக்கும் பழக்கம் க்ரிஸ்டலுக்கு உண்டு.

இரண்டாவது வழி, வெப்பத்தையே மாற விடாமல் பிடித்து வைப்பது. க்ரிஸ்டலை ஒரு சின்ன உலோகக் கூட்டுக்குள் வைத்து, ஹீட்டர் போட்டு, 80 டிகிரி பக்கத்தில் பூட்டி வைப்பார்கள். ஓசிஎக்ஸ்ஓ, சூளை ஆசிலேட்டர். ஏன் 80? 25 டிகிரியில் வைத்தால் என்ன என்று கேட்பீர்கள். ஹீட்டரால் சூடேற்றத்தான் முடியும், குளிர வைக்க முடியாது. அதனால் வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும் கூடு அதைவிடச் சூடாக இருந்தால்தான் கட்டுப்பாடு கையில் இருக்கும். அந்தக் கல்லின் வெப்ப வளைவு தட்டையாக இருக்கும் இடமும் 80 பக்கத்திலேயே வரும்படி வெட்டியிருப்பார்கள், ஆக ஹீட்டர் சற்றே தவறினாலும் பெரிதாகத் தெரியாது. நல்ல ஓசிஎக்ஸ்ஓ தன் முழு வெப்ப வரம்பிலும் நூறு கோடியில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவாகத்தான் அசையும். சாதாரண க்ரிஸ்டலோடு ஒப்பிட்டால் பல்லாயிரம் மடங்கு முன்னேற்றம்.

டெல்டாக்காரர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மொட்டை மாடியில் தகரப் பெட்டிக்குள் மூடி வைத்த கருவி வைகாசி வெயிலில் வெளிக்காற்றை விட இருபது டிகிரி கூடுதலாகச் சூடேறுவது சாதாரணம். வெளியே 40 என்றால் உள்ளே 60. அதற்கு மேல் மின்சுற்று தானே கக்கும் சூடும் சேரும். அப்போது சூளையின் ஹீட்டர் கிட்டத்தட்ட அணைந்தே போகும், கட்டுப்பாடும் போய்விடும், நீங்கள் காசு கொடுத்து வாங்கிய ஓசிஎக்ஸ்ஓ வெறும் க்ரிஸ்டல் ஆகிவிடும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஹீட்டர் இழுக்கும் கரண்டைப் பார்ப்பது. குளிர்ந்த காலையில் அதிகமாகவும் நடுப்பகலில் குறைவாகவும் இருக்கும், அது நல்ல அறிகுறி. நடுப்பகலில் சுழியை நெருங்குகிறது என்றால் உடனே நிழலுக்கு மாற்றுங்கள்.

எவ்வளவு நல்ல க்ரிஸ்டலானாலும் மெல்ல மெல்ல வயதாகி நகரும். யாராவது அவ்வப்போது சரியான நேரத்தைச் சொல்லித் திருத்த வேண்டும். அங்கேதான் செயற்கைக்கோள் வருகிறது.

ஜிபிஎஸ் என்றால் வழி காட்டுவது என்று பழகிவிட்டோம், அடிப்படையில் அது நேரம் சொல்லும் அமைப்பு. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஒவ்வொரு செயற்கைக்கோளிலும் ருபிடியம் அல்லது சீசியம் அணுக் கடிகாரம் இருக்கிறது, அது தன் நேரத்தை அறிவித்துக்கொண்டே போகிறது. நம் கருவி அந்த அறிவிப்பு வந்து சேர எவ்வளவு நேரம் ஆனது என்று பார்த்துத் தூரத்தைக் கணக்கிடுகிறது. நம் கருவியின் கடிகாரம் மலிவானது, அது எவ்வளவு தப்பு என்று அதற்கே தெரியாது, அதனால் அட்சரேகை, தீர்க்கரேகை, உயரத்தோடு நேரத்தையும் நான்காவது விடையாக வைத்துக் கணக்குப் போடுகிறது. நான்கு செயற்கைக்கோள் தேவைப்படுவதன் காரணம் இதுதான். நேரத்துக்காகவே செய்த கருவிகள் இன்னும் ஒரு படி மேலே போகும்: ஆன்டெனா நகராது என்பதால் இடத்தை நன்றாக அளந்து பூட்டிவிட்டு, எஞ்சிய கவனம் முழுவதையும் நேரத்தின் மேல் வைக்கும். அப்படிப் பூட்டியபின் ஒரே ஒரு செயற்கைக்கோள் தெரிந்தாலும் நேரம் சொல்ல முடியும். நம் நாட்டு நாவிக் அமைப்பிலும் இதே தத்துவம்தான். 2023 மே 29 அன்று ஏவிய என்விஎஸ்-01இல் முதல் முறையாக இந்தியாவில் செய்த ருபிடியம் கடிகாரம் பறந்தது, எனக்கு அதில் தனி மகிழ்ச்சி.

நேரத்துக்காகச் செய்த ஜிபிஎஸ் கருவி நொடிக்கு ஒரு துடிப்பு கொடுக்கும். அந்தத் துடிப்பு பல நாள் சராசரியில் அணுக் கடிகாரத்தின் நேர்மையோடு இருக்கும், ஆனால் ஒவ்வொரு துடிப்பும் முன்னும் பின்னுமாகப் பத்து இருபது நானோநொடி பிசிறும். ஓசிஎக்ஸ்ஓ இதற்கு நேரெதிர்: ஒவ்வொரு நொடியும் கத்தி போலச் சீராக இருக்கும், மாதக்கணக்கில் பார்த்தால் எங்கோ போயிருக்கும். இரண்டையும் கட்டிப் போட்டால் கிடைப்பதுதான் ஜிபிஎஸ்டிஓ, செயற்கைக்கோள் சொல்படி நடக்கும் ஆசிலேட்டர். வாய்க்கால் தலைப்பில் மதகு பார்க்கும் லஸ்கர் அளவுகோலில் ஒவ்வொரு அலை மோதும்போதும் பலகையை ஏற்றி இறக்கமாட்டார், கொஞ்ச நேரம் நின்று பார்த்து, நீர்மட்டம் உண்மையிலேயே ஏறியிருக்கிறதா என்று தெரிந்த பிறகுதான் கை வைப்பார். ஜிபிஎஸ்டிஓவுக்குள் இருக்கும் கட்டுப்பாட்டு நிரலும் அதைத்தான் செய்கிறது. துடிப்பையும் ஓசிஎக்ஸ்ஓவையும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது, சில நூறு நொடிகளில் இருந்து ஆயிரம் நொடி வரை சராசரி பார்க்கிறது, பிறகு ஒரு சின்ன மின்னழுத்தத்தைக் கூட்டியோ குறைத்தோ க்ரிஸ்டலைத் திருத்துகிறது.

எதற்கு அவ்வளவு நேரம்? கணக்கு எளிது. ஒரு நொடியில் 10 நானோநொடி பிசிறு என்றால் பத்து கோடியில் ஒரு பங்கு தப்பு. அதே 10 நானோநொடியை ஆயிரம் நொடிக்குப் பரப்பினால் பத்தாயிரம் கோடியில் ஒரு பங்கு. காத்திருக்கக் காத்திருக்கச் செயற்கைக்கோளின் சொல் நம்பத்தக்கதாகிறது. ஆனால் காத்திருக்கும் அந்தப் பதினைந்து நிமிடமும் க்ரிஸ்டல் தன் சொந்தக் காலில்தான் நிற்க வேண்டும்.

வெப்பம் புகுந்து கெடுப்பது சரியாக இந்த இடைவெளியில்தான். ஒரு நொடியில் ஓசிஎக்ஸ்ஓவின் வெப்பம் மாறாது, அதன் கனமான கூடு விடாது. பகலும் இரவும் மாறுவதைச் செயற்கைக்கோள் சாவகாசமாகத் திருத்திவிடும். நடுவில் ஐந்து நிமிடம், பதினைந்து நிமிடம், அரைமணி என்ற அளவில் வரும் மாற்றத்துக்குத்தான் காவல் இல்லை, நம் வீடுகளில் நடக்கும் மாற்றம் எல்லாம் அந்த அளவில்தான் இருக்கிறது: ஏசியின் கம்ப்ரசர் ஓடி நிற்பது, ஃபேன் போட்டு அணைப்பது, ஓட்டு வீட்டில் மேகம் வந்து வெயில் மறைவது, ஐப்பசி மழை திடீரென்று பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் எட்டு டிகிரி இறங்குவது. ஒரு ஓசிஎக்ஸ்ஓ 50 டிகிரி வரம்பில் நூறு கோடியில் ஒரு பங்கு நகர்கிறது என்று வையுங்கள், சீராகப் பங்கிட்டால் டிகிரிக்கு லட்சம் கோடியில் 20 பங்கு. ஏசி அறையில் மூன்று டிகிரி ஏறி பத்து நிமிடம் அப்படியே நின்றால் சேரும் பிழை 36 நானோநொடி. செயற்கைக்கோளின் பிசிறை விட அது பெரிது. நேர்ப்பட ஃபேன் காற்று பட்டால் இன்னும் மோசம், கூட்டின் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாக இருக்கும், உள்ளே உள்ள ஒற்றை உணரிக்கு அது தெரியாது.

வெப்பம் பிடிப்பது க்ரிஸ்டலை மட்டும் என்று நினைக்க வேண்டாம். திருத்தம் செய்யும் அந்தச் சின்ன மின்னழுத்தமும் வெப்பத்தில் நகரும். ஐந்து வோல்ட் இழுப்பில் ஒரு பிபிஎம் நகரும் ஓசிஎக்ஸ்ஓ என்றால் ஒரு மில்லிவோல்ட்டுக்கு நூறு கோடியில் 0.2 பங்கு. எல்லோர் பெட்டியிலும் கிடக்கும், ஐந்து வோல்ட் கொடுக்கும் 7805 ரெகுலேட்டர் டிகிரிக்குச் சுமார் ஒரு மில்லிவோல்ட் நகரக்கூடியது. அதை நேரடியாக இந்த வேலைக்கு வைத்தால், நீங்கள் வாங்கிய நல்ல ஓசிஎக்ஸ்ஓவின் சொந்த நகர்வைப் போலப் பத்து மடங்கு நகர்வை இந்த ரெகுலேட்டரே கொண்டுவந்து சேர்த்துவிடும். டிகிரிக்குப் பத்து பிபிஎம் தரமுள்ள தனி மின்னழுத்த ஆதாரம் ஒன்றைப் போடுங்கள், விலையும் அதிகம் இல்லை.

செயற்கைக்கோள் கருவிக்குள்ளும் ஒரு டிசிஎக்ஸ்ஓ இருக்கிறது என்றேன் அல்லவா, அதன் கதை வேறு. செயற்கைக்கோள் நகர்வதால் அதன் அலைவரிசை தரையில் இருப்பவருக்கு ஐந்து கிலோஹெர்ட்ஸ் வரை மேலும் கீழுமாகத் தெரியும். கருவி முதலில் அதைத் தேடிப் பிடிக்க வேண்டும். முதன்மை ஜிபிஎஸ் அலைவரிசை 1575.42 மெகாஹெர்ட்ஸ், அதில் ஒரு பிபிஎம் என்றாலே 1575 ஹெர்ட்ஸ். அதாவது கருவியின் க்ரிஸ்டல் வெப்பத்தால் சில பிபிஎம் தள்ளிப் போயிருந்தால் தேட வேண்டிய பரப்பு இரட்டிப்பாகிவிடும். வெயிலில் காய்ந்து கிடந்த படகுப் பெட்டியை அப்போதுதான் இயக்கும்போது முதல் இடம் காட்டத் தாமதமாவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். பிடித்த பிறகும், டிசிஎக்ஸ்ஓ வேகமாக நகர்ந்தால் கருவி அதைச் செயற்கைக்கோளின் நகர்வு என்று நினைத்துத் துரத்த வேண்டியிருக்கும். அதனால்தான் ஜிபிஎஸ் சில்லுக்குப் பக்கத்தில் சூடாகும் எதையும் வைக்காதே என்று வடிவமைப்பு ஏடுகளில் எழுதியிருப்பார்கள். ஒரு சின்ன மூடி போட்டுக் காற்று படாமல் வைத்தாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நீங்கள் ஒரு ஜிபிஎஸ்டிஓவை இயக்கி, அதன் பிழையை நாள்கணக்கில் பதிவு செய்து வரைந்தால், கிட்டத்தட்ட எப்போதும் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை ஏறி இறங்கும் அலை ஒன்று தெரியும். பகல் இரண்டு மணிக்கு உச்சம், விடியலுக்கு முன் பள்ளம். உடனே வெயில்தான் காரணம் என்று முடிவு கட்டிவிடத் தோன்றும். பொறுங்கள், அங்கே சந்தேகப்பட வேண்டியவர்கள் மூன்று பேர்.

ஒன்று வெப்பம். இன்னொன்று அயனி மண்டலம். சூரிய ஒளி மேல் வளிமண்டலத்தில் எலக்ட்ரான்களைப் பிரித்து வைக்கிறது, அதன் வழியே வரும் செயற்கைக்கோள் சமிக்ஞை தாமதமாகிறது. இந்தத் தாமதமும் பிற்பகலில்தான் உச்சம். காந்த நடுக்கோடு தமிழகத்தின் தென்கோடியில், திருநெல்வேலியை ஒட்டிப் போகிறது. அதற்கு இவ்வளவு அருகில் இருப்பதால் டெல்டாவின் மேல் எலக்ட்ரான் அடர்த்தி ஐரோப்பாவில் இருப்பவர் பார்ப்பதை விட மிக அதிகம், சூரியன் சுறுசுறுப்பாக இருக்கும் ஆண்டுகளில் பிற்பகல் தாமதம் பல பத்து நானோநொடிகள் வரும். ஜிபிஎஸ் தானே அனுப்பும் திருத்தக் கணக்கு ஏறக்குறைய பாதியைத்தான் கழிக்கும். இன்னொரு தொல்லையும் நமக்கு உண்டு: சூரியன் மறைந்த பிறகு, குறிப்பாகப் பங்குனியிலும் புரட்டாசியிலும் ஒட்டிய மாதங்களில், அயனி மண்டலத்தில் குமிழ்கள் எழும்பிச் சமிக்ஞை மினுமினுக்கும், சில செயற்கைக்கோள்கள் அறுந்தும் போகும். வெளிநாட்டுக்காரர் எழுதிய வழிகாட்டிகளில் இது பெரும்பாலும் இருக்காது, அவர்கள் வானத்தில் அவ்வளவாக நடப்பதில்லை.

மூன்றாவது, எதிரொலி. தகரக் கூரை, தண்ணீர்த் தொட்டி, பக்கத்து மாடிச் சுவர் இவற்றில் பட்டுத் திரும்பி வரும் சமிக்ஞை நேர் சமிக்ஞையோடு கலந்து பிழை செய்யும். செயற்கைக்கோள்கள் ஒரே இடத்துக்குத் திரும்பி வருவது 23 மணி 56 நிமிடத்துக்கு ஒருமுறை என்பதால் இந்தப் பிழையும் ஏறக்குறைய நாளுக்கு ஒருமுறை அதே வடிவத்தில் வரும்.

மூன்றையும் எப்படிப் பிரிப்பது? எதிரொலியின் மேடுபள்ளம் ஒவ்வொரு நாளும் நான்கு நிமிடம் முன்னால் நகரும், ஒரு மாதத்தில் இரண்டு மணி நேரம். அதைப் பார்த்தால் கூரையின் வேலை என்று உறுதியாகச் சொல்லலாம். அயனி மண்டலம் சூரியனைத்தான் பின்பற்றும், உங்கள் அறையில் ஏசி ஓடினாலும் ஓடாவிட்டாலும் அதற்குக் கவலை இல்லை. வெப்பம் மட்டும் பெட்டியைப் பின்பற்றும், அதுவும் சற்றே பின்தங்கி. ஆகவே ஆசிலேட்டரின் உடம்பில் ஒரு வெப்பமானியை ஒட்டி அதன் அளவையும் கூடவே பதிவு செய்யுங்கள். இதில் கஞ்சத்தனம் வேண்டாம். அந்த ஒரு வரி இல்லாமல் வருடக்கணக்கில் சேர்த்த பதிவும் எதையும் நிரூபிக்காது. முடிந்தால் ஒரு நாள் வேண்டுமென்றே விளக்கைப் பெட்டிப் பக்கம் வைத்து இரவில் சூடேற்றிப் பாருங்கள், சூரியன் இல்லாத நேரத்தில் வரும் அலை வெப்பத்துடையது என்பதில் சந்தேகமே இருக்காது. ஜிபிஎஸ் சமிக்ஞையை இரண்டு அலைவரிசைகளில் கேட்கும் புதிய கருவிகள் அயனி மண்டலப் பிழையைப் பெரும்பாலும் நீக்கிவிடும், அப்போது சந்தேகம் இரண்டு பேராகக் குறையும்.

ஆன்டெனாக் கேபிள் வெயிலில் காய்கிறதே என்று சிலர் மிகவும் கவலைப்படுவார்கள். மீட்டருக்குச் சுமார் ஐந்து நானோநொடி தாமதம், முப்பது மீட்டருக்கு 150. அதை ஒருமுறை கருவியில் பதிந்துவிட வேண்டும். வெயிலில் அது மாறுவது பெரும்பாலும் ஒன்றிரண்டு நானோநொடியைத் தாண்டாது. டெல்டாவில் கேபிளுக்கு உண்மையான எதிரி ஈரமும் கடற்காற்றின் உப்பும். வேதாரண்யம், நாகை பக்கம் இணைப்பிகளைத் தண்ணீர் புகாத ரப்பர் டேப்பால் இறுகச் சுற்றுங்கள், கேபிள் ஆன்டெனாவிலிருந்து கீழே தொங்கி வளைந்து பிறகு சுவருக்குள் நுழையட்டும்.

செயற்கைக்கோள் அறுந்து போனால் என்ன ஆகும்? ஆசிலேட்டர் தன் நினைவில் நேரத்தைத் தாங்கிப் பிடிக்க வேண்டும், இதை ஹோல்டோவர் என்பார்கள். 3.5 கிகாஹெர்ட்ஸில் ஓடும் 5ஜி, அனுப்புவதையும் பெறுவதையும் ஒரே அலைவரிசையில் முறை வைத்துச் செய்கிறது, அதனால் பக்கத்துப் பக்கத்து டவர்கள் பொது நேரத்தில் இருந்து 1.5 மைக்ரோநொடிக்குள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒன்று கேட்கும் நேரத்தில் மற்றது கத்தும். ஆசிலேட்டர் கோடியில் ஒரு பங்கு தப்பாக இருந்தால், அதாவது மேலே சொன்னதை விடவும் உயர்தரமான டிசிஎக்ஸ்ஓ, 1.5 மைக்ரோநொடி பதினைந்து நொடியில் கரைந்துவிடும். நூறு கோடியில் ஒரு பங்கு என்றால் 25 நிமிடம் தாங்கும். ஆயிரம் கோடியில் ஒரு பங்கு என்றால் நான்கு மணி நேரத்துக்கு மேல். டவரின் அடியில் உள்ள அலமாரிக்குள் அந்த நான்கு மணி நேரத்தில் வெப்பம் எவ்வளவு மாறுகிறது என்பதுதான் இந்த எண்களில் எது உங்களுக்கு என்று தீர்மானிக்கும்.

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த பிறகு எத்தனை ஊர்கள் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்தன என்பது இந்தப் பகுதியில் யாருக்கும் மறந்திருக்காது. அப்படிப்பட்ட நேரத்தில் ஓசிஎக்ஸ்ஓவின் கூடு ஆறிப்போகிறது. மின்சாரம் திரும்பி வந்ததும் சில நிமிடங்களில் சூடேறிவிடும், விளக்கு எரியும், எல்லாம் சரி என்று தோன்றும். ஆனால் அணைவதற்கு முன் இருந்த அதே அதிர்வெண்ணுக்கு அது உடனே திரும்பாது, பழைய நிலையில் நிலைகொள்ள மணிக்கணக்கு முதல் நாள்கணக்கு வரை ஆகும். ஆகவே ஓசிஎக்ஸ்ஓவுக்கு நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி அதை அணைக்காமல் இருப்பது. சூடேறும்போது மூன்று முதல் ஐந்து வாட், பிறகு ஒன்றரை வாட் அளவுதான் கேட்கும், சின்ன பேட்டரி ஒன்று சாதாரண மின்வெட்டுக்குப் போதும்.

வீட்டில் வைக்கிறவர்களுக்குச் சில வார்த்தைகள். இடம் தேர்ந்தெடுங்கள், அதுதான் பாதி வேலை: தரைத்தளம், மேற்கு வெயில் படாத சுவர், ஜன்னலுக்கும் ஃபேனுக்கும் தள்ளி. தடித்த அலுமினியப் பெட்டிக்குள் ஆசிலேட்டரை வையுங்கள், கனமான உலோகம் வேகமான மாற்றத்தை விழுங்கிவிடும். அதன் மேல் அட்டைப் பெட்டியோ மரப் பெட்டியோ கவிழ்த்தால் காற்று படாது. தெர்மோகோலால் ஆறு பக்கமும் இறுக மூடாதீர்கள், ஓசிஎக்ஸ்ஓ கக்கும் ஒன்றரை வாட் வெளியே போக வழி இல்லாமல் உள்ளே சூடு ஏறிக்கொண்டே போகும், கோடையில் நான் மேலே சொன்ன கட்டுப்பாடு இழக்கும் நிலைக்கு அதுவே கொண்டு போய்விடும். ஆன்டெனா மட்டும் மாடிக்குப் போகட்டும். பவர் சப்ளையின் டிரான்ஸ்ஃபார்மர் தனிப் பெட்டியில் இருக்கட்டும்.

இவ்வளவு பாடு எதற்கு, பழைய ருபிடியம் பெட்டி ஒன்றை வாங்கிவிட்டால் தீர்ந்ததே என்று கேட்பவர்கள் உண்டு. ருபிடியம் அணு 6,834,682,610.9 ஹெர்ட்ஸில் துடிப்பது எந்த ஊரிலும் மாறாது, ஆனால் அந்த அணுவைப் பிடித்து வைத்திருக்கும் கண்ணாடிக் குமிழையும் விளக்கையும் சூளைக்குள்தான் வைத்திருக்கிறார்கள். அதற்கும் வெப்பம் மாறினால் அதிர்வெண் நகரும், க்ரிஸ்டலை விட மிகக் குறைவாக. போதாததற்கு அது பத்து வாட்டுக்கு மேல் கக்கும். அடித்தகடு சூடாக இருந்தால் விளக்கின் ஆயுள் குறையும். டெல்டாவின் கோடையில் அதைத் தடித்த அலுமினியத் தகட்டில் திருகிப் பொருத்தி, தகட்டின் பின்பக்கத்தில் மெதுவாக, ஒரே வேகத்தில், நிற்காமல் ஓடும் ஃபேன் ஒன்றை வைக்க வேண்டும். வெப்பம் பார்த்து ஓடி நிற்கும் ஃபேன் வேண்டாம்.